24 பேர் கூடுகிற கோயிலிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கிறிஸ்தவக் கோயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வீடாகவும் கடையாகவும் மாறிக்கொண்டிருப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை, பாளையங்கோட்டையிலிருக்கும் என் தங்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "அக்கா, உங்க கோயிலும் இப்படித்தான் ஆகப்போகுதா?" அவளுக்குப் பதில் போட உட்கார்ந்தேன். எழுத எழுத, இது அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை என்று பட்டது, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் சொன்னது பொய் இல்லை. எங்கள் ஊரிலேயே பத்து வருடத்துக்குள் இரண்டு கோயில்களைப் பூட்டினார்கள், ஒன்றின் மணியைக் கிரேன் வைத்து இறக்கியபோது நானும் தெருவில் நின்று பார்த்தேன், அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஞாயிறு எத்தனை தலை என்று எண்ணி, ஆள் குறைந்துவிட்டது, ஆகவே முடிந்தது கதை என்று எழுதிவிட்டதுதான் மனசுக்கு ஆறவில்லை. நான் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சிறு ஊரில், ஞாயிறன்று சராசரியாக 24 பேர் வருகிற எபிஸ்கோப்பல் சபையில் 11 வருடமாக இருக்கிறேன். அந்த 24 பேர் ஒரு வாரத்தில் என்னென்ன செய்கிறார்கள், இனி என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுத்திருக்கிறோம், இதைச் சொல்ல எனக்கு இடம் கொடுங்கள்.

எபிஸ்கோப்பல் என்றால் நம் ஊரில் பலருக்கும் அது ஏதோ புதுசாக முளைத்த சபை என்ற நினைப்பு. பேராயர்களை, அதாவது பிஷப்புகளை உடைய சபை, அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்த அமெரிக்கச் சபை இது. அமெரிக்கா சுதந்திரம் அடைந்த பிறகு, அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தால்தான் பேராயர் அபிஷேகம் என்று இங்கிலாந்தில் கையை விரித்துவிட்டதால், சாமுவேல் சீபரி என்ற குருவானவர் ஸ்காட்லாந்துக்குப் போய் 1784-ல் அபர்டீன் நகரில் அபிஷேகம் பெற்று வந்தார். 1789-ல் இவர்களுக்கென்று தனி ஜெப புத்தகம் வந்தது. இப்போது எங்கள் கையில் இருப்பது 1979-ம் வருடத்துப் புத்தகம். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் உருவான நம் தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) இந்த எபிஸ்கோப்பல் திருச்சபையும், இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் கூட்டமைப்பான ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கின்றன. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கங்களின் காலத்துக் கோயில்களில் வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது சித்தி வீடு மாதிரி.

இது எனக்கே மூன்று வருடம் தெரியவில்லை. "எபிஸ்கோப்பல் திருச்சபை உங்களை வரவேற்கிறது" என்று ஒரு பலகை தெருமுனையில் இருக்கிறது, தினமும் வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போவேன். ஞாயிறானால் ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டி, பெரிய நகரத்தில் தமிழர்கள் கூடுகிற ஆராதனைக்குப் போவோம். ஒரு பிப்ரவரியில் பனி கொட்டி நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். சரி, வீட்டில் சும்மா இருப்பதற்கு இங்கேயாவது போவோம் என்று பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தே போய் அந்தச் சிவப்புக் கதவைத் தள்ளினோம். உள்ளே ஒன்பது பேர். பூட்ஸில் ஒட்டிய பனி உருகித் தரையெல்லாம் ஈரம். குருவானவர் ஆரம்பித்த முதல் ஜெபமே, எங்கள் இருதயத்தின் நினைவுகளைச் சுத்திகரியும் என்று தேவனிடம் கேட்கிற அந்த ஜெபம், எங்கள் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொல்வார்களே, அதேதான், பாஷை மட்டும் வேறு. என் வாய் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறது, காதில் இங்கிலீஷ் விழுகிறது. அன்றைக்கு ஆராதனை முடிந்து யாரும் எங்களிடம் எந்த நாடு, எப்போது வந்தீர்கள் என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ந்த சாக்ஸ் வேண்டுமா என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் வாரம் சனிக்கிழமை காலை இஸ்திரிப் பெட்டியில் தொடங்குகிறது. பீடத்துக்கு வேண்டிய துணிகளையும் பாத்திரங்களையும் பார்த்துக்கொள்கிற குழுவில் மூன்று பேர், அதில் நான் ஒருத்தி. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு இப்போது 86 வயது, அவர் தன் மாமியாரிடம் கற்றுக்கொண்டவர். துணி முழுக்கக் காய்வதற்கு முன்னால், ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும். அப்பமும் கிண்ணமும் வைக்கிற சதுரத் துணியை மூன்றாக மடித்து, அதைத் திருப்பி இன்னொரு முறை மூன்றாக மடித்தால் ஒன்பது கட்டம் வரும், அப்பத் துணுக்கு ஏதாவது விழுந்திருந்தால் வெளியே சிந்தாமல் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே நிற்கும். கிண்ணம் கழுவிய முதல் தண்ணீர் சாக்கடையில் போகக் கூடாது என்பதற்காகவே சுவர் ஓரத்தில் தனியாக ஒரு சின்னத் தொட்டி, அதன் குழாய் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. முதல் மாதம் நான் அவசரத்தில் மடித்து வைத்துவிட்டுக் கிளம்பியபோது அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துணியை எடுத்து உதறி விரித்து என் கையில் திரும்பவும் கொடுத்தார். நான்கு தரம் மடித்தேன். நம் ஊர்க் கோயில்பிள்ளை விடியற்காலையில் வந்து விளக்குத் துடைப்பதை நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு பத்து மணிக்கு ஆராதனை. எங்களுக்கென்று குருவானவர் இல்லை, நான்கு வருடமாக இல்லை. மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் ஓய்வுபெற்ற ஒரு குருவானவர், அவருக்கே 76 வயது, ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தை நடத்திவிட்டுப் போகிறார். மற்ற ஞாயிறுகளில் காலை ஜெபம், அதைச் சபையாரே நடத்தலாம், நாங்கள் ஐந்து பேர் முறை வைத்து நடத்துகிறோம். பிரசங்கத்துக்கு நாங்கள் பயப்படுவோம் என்று நினைத்த பேராயர், எழுதி வைத்ததைப் படித்தால் போதும் என்றார். இப்போது ஒவ்வொருவரும் தங்கள் முறைக்கு மூன்று வாரம் முன்பே அந்த ஞாயிறுக்கான வேத பாடத்தை வாசிக்க ஆரம்பித்துவிடுகிறோம், எனக்கு வேதத்தில் இதுவரை இல்லாத பழக்கம் அப்படித்தான் வந்தது. ஆர்கன் வாசித்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார், இரண்டு ஞாயிறு பியானோ, இரண்டு ஞாயிறு வெறும் குரல். வெறும் குரலில் 24 பேர் பாடும்போது யார் சளியோடு வந்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். சமாதானம் சொல்லிக்கொள்ளும் இடம் வந்தால் யாரும் பக்கத்தில் இருப்பவரோடு நிறுத்துவதில்லை, 24 பேரும் 23 பேரிடமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். ஒருவரையொருவர் கையைத் தொட்டுச் சமாதானம் சொல்கிற இந்த வழக்கத்தை ஆராதனையில் திரும்பக் கொண்டுவந்ததில் நம் தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறைக்குப் பெரிய பங்கு உண்டு, அதைப் பார்த்து மற்ற நாட்டுச் சபைகள் பலவும் எடுத்துக்கொண்டன. இதை நான் ஒருநாள் காபி நேரத்தில் சொன்னபோது அவர்கள் ஆச்சரியப்பட்டதைப் பார்க்க வேண்டுமே.

காபி நேரம் என்றேன். ஆராதனை முடிந்ததும் கீழே அடித்தளத்தில் காபி, ஏதாவது பலகாரம். இதை லேசாக நினைக்க வேண்டாம். யார் வரவில்லை என்பது அங்கேதான் தெரியவரும், சாயங்காலத்துக்குள் அவருக்கு இரண்டு போனாவது போய்விடும். போன குளிர்காலத்தில் அப்படி ஒரு போன் எடுக்கப்படாமல் போகவே இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், தனியாக இருந்த அந்தப் பெரியவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். ஆயிரம் பேர் வருகிற இடத்தில் ஒருத்தர் வராததை யார் கவனிப்பார்கள்? இன்றைக்கு அவர் வீட்டிலிருந்தே ஜூமில் சேருகிறார். 2020-ல் நோய்க் காலத்தில் வைத்த அந்தச் செல்போன் ஸ்டாண்டை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை, மூன்று பேர் அதன் வழியாகத்தான் வருகிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் சூப் சாப்பாடு. யார் வேண்டுமானாலும் வரலாம், காசு இல்லை, கேள்வி இல்லை. ஞாயிறு வருகிறவர்களைப்போல இரண்டு மடங்கு பேர் புதன்கிழமை வருகிறார்கள். என் முறை வரும்போது சாம்பார்தான் வைப்பேன், அவர்களுக்கு அது பருப்பு சூப். முதல் தடவை புளியைக் குறைத்துக் காரத்தைக் குறைத்து வைத்தேன், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டு, நீ வீட்டில் குடிப்பதைக் கொண்டுவா என்றார். அப்புறம் நான் எதையும் குறைப்பதில்லை.

வியாழன் சாயங்காலம் அந்த அடித்தளம் குடியிலிருந்து மீள நினைப்பவர்களுக்கு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935-ல் எங்கள் மாநிலத்து ஆக்ரன் நகரத்தில்தான் பிறந்தது, அதற்கு வழி ஏற்பட்டதில் ஒரு எபிஸ்கோப்பல் குருவானவர் செய்துகொடுத்த ஒரு போன் தொடர்புக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே பெருமையாகச் சொல்வார்கள். எங்களிடம் கூடுகிற குழுவுக்குச் சாவி கொடுத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர்கூட ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை, வரச் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை. ஆனால் பனி பெய்த ஞாயிறுகளில் நாங்கள் வருவதற்கு முன்பே படிக்கட்டு பெருக்கி உப்புத் தூவியிருக்கும். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வருடாவருடம் எங்கள் பேராயரின் திருமண்டலத்துக்கு நாங்கள் அனுப்புகிற அறிக்கையில் ஞாயிறு சராசரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 24 என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வரும்.

இனி எதிர்காலம். சபையை நிர்வகிக்கிற குழுவை நம் ஊரில் சேகரக் கமிட்டி என்கிறோமே, அதை இங்கே வெஸ்ட்ரி என்கிறார்கள். எங்கள் வெஸ்ட்ரியில் ஆறு பேர். நான் கட்டடத்தைப் பார்க்கிற வார்டன், அதாவது பாய்லர் நின்றால் எனக்குத்தான் போன் வரும். நம் ஊரில் கமிட்டித் தேர்தல் என்றால் இரண்டு அணி, இங்கே நிற்பதற்கு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். போன வருடம் வரை எங்கள் கூட்டங்களில் ஒரே பேச்சு, முழுநேரக் குருவானவர் எப்போது கிடைப்பார் என்பதுதான். சம்பளம், வீடு, மருத்துவக் காப்பீடு, அதற்கு மேல் ஓய்வூதிய நிதிக்கு 18 சதவீதம், இத்தனையையும் 24 பேரின் வருடக் காணிக்கை வாக்குறுதியிலிருந்து கொடுக்கவே முடியாது. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்ற தவக்காலத்தில் ஐந்து வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்து, சொல்லிவிட்டோம். அழுதவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் உருப்படியான பேச்சு வந்தது.

முதல் முடிவு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற, மார்ட்டின் லூதர் வழியில் வந்த லுத்தரன் சபையோடு சேர்ந்து ஒரே போதகரை வைத்துக்கொள்வது. அவர்களும் எங்களைப் போலத்தான், முப்பது பேர். எபிஸ்கோப்பல் திருச்சபைக்கும் இங்குள்ள பெரிய லுத்தரன் சபைக்கும் 2001-லிருந்து முழு ஐக்கிய உடன்படிக்கை இருக்கிறது, ஒருவருடைய குருவானவர் இன்னொருவர் பீடத்தில் திருவிருந்து நடத்தலாம். இதற்கு எங்கள் ஆட்களிலேயே சிலர் தயங்கினார்கள், நம்முடைய அடையாளம் கரைந்துபோகுமே என்று. அன்றைக்கு நான் எழுந்து பாளையங்கோட்டைக் கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் ரேனியஸ் ஐயர் என்று ஒரு ஜெர்மன் லுத்தரன் மிஷனரி இருந்தார், அவரை அனுப்பியது சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் சங்கம், 1820-ல் வந்தார், திருநெல்வேலிக் கிராமங்களில் சபைகளையும் பள்ளிகளையும் எழுப்பினார், குருப்பட்டத்தை யார், எந்த முறையில் கொடுப்பது என்பதில் சங்கத்தோடு பிணக்கு வந்து அது முற்றி 1835-ல் வெளியேற்றப்பட்டார், சபைகள் பிளந்தன, 1838-ல் அவர் அங்கேயே கண்ணை மூடினார். அவர் வளர்த்த சபைகளின் வழியில் வந்த ஒருத்தி நான், அன்றைக்கு எங்கள் ஊரைப் பிரித்த அதே கேள்விக்கு உங்கள் நாட்டில் 2001-ல் ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கப்போகிறோமா என்று கேட்டேன். கை நடுங்கியது எனக்கு. ஜனவரியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு பேர் தவிர எல்லாரும் சம்மதித்தார்கள், அந்த இரண்டு பேரும் சபையைவிட்டுப் போகவில்லை.

அடுத்தது, எங்களிலிருந்தே ஒருவரைக் குருவானவராக அனுப்புவது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற 61 வயது அம்மா ஒருவர் படிக்க ஆரம்பித்திருக்கிறார், பட்டம் பெற்றால் சம்பளம் இல்லாமல் எங்களுக்கே ஊழியம் செய்வார். மிச்சிகனின் வடக்குத் திருமண்டலத்தில் பல வருடங்களாகவே சிறிய சபைகள் இப்படித்தான் தங்கள் ஆட்களையே அபிஷேகத்துக்குத் தயார்ப்படுத்துகின்றன, புதிதாக நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. 2024 நவம்பரில் பொறுப்பேற்ற தலைமைப் பேராயர் ஷான் ரோ எங்கள் பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்னத் திருமண்டலத்தின் பேராயராக இருந்து வந்தவர், அதனால் எங்களைப் போன்ற சபைகளின் நிலை மேலிடத்துக்குப் புரியும் என்று நம்புகிறோம்.

சமையலறையைச் சரிசெய்து புதன்கிழமையோடு வெள்ளிக்கிழமையும் சாப்பாடு போட வேண்டும், சக்கர நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் வேண்டும், காலியாகக் கிடக்கிற ஓய்வுநாள் பாடசாலை அறைகளைக் குழந்தைகள் காப்பகத்துக்கு வாடகைக்கு விட வேண்டும். கட்டடத்தை விற்பதைப் பற்றியும் பேசிவிட்டோம். நாங்களாக விற்க முடியாது, 1979-ல் வந்த சட்டப்படி சொத்து திருமண்டலத்துக்காக நாங்கள் பொறுப்பில் வைத்திருப்பது, பேராயரின் சம்மதம் வேண்டும். பாய்லர் இனி எழுந்திருக்காது என்ற நாள் வந்தால் லுத்தரன் கோயிலுக்கு ஜெப புத்தகங்களையும் அந்த ஒன்பது கட்டத் துணிகளையும் எடுத்துக்கொண்டு போவோம் என்று எழுதியே வைத்திருக்கிறோம். பயம் பாதி போனது அதை எழுதிய பிறகுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் திருச்சபை 1976-ல் பெண்களைக் குருவானவர்களாக ஏற்றது, அது இப்போது நமக்கும் புதிது இல்லை. 2015-ல் ஒருபாலினத்தவர் திருமணத்தையும் ஏற்றது, இது நம் ஆட்களில் பலருக்கு ஒப்பாது என்று எனக்குத் தெரியும். எங்கள் 24 பேரிலேயே இதில் ஒரே கருத்து இல்லை. ஆனாலும் அந்தக் கருத்து வேறுபாட்டோடேயே ஒரே கிண்ணத்தில் பானம்பண்ணுகிறோம், அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. உங்களுக்கு ஒப்பாவிட்டால் ஒப்பவில்லை, தெரிந்துகொண்டு வாருங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இனி நான் எழுத வந்த காரணம். உங்கள் வாசகர்களில் பிள்ளைகளைப் படிக்கவும் வேலைக்கும் அமெரிக்கா அனுப்புகிற பெற்றோர்கள் நிறையப் பேர். போன இடத்தில் தமிழ் ஆராதனை இருக்கிறதா என்று விசாரிக்கிறீர்கள், நல்லதுதான், தாய்மொழியில் பாடுகிற சந்தோஷம் வேறு. இல்லாத ஊரில் பிள்ளை ஞாயிறன்று அறையில் தனியாக இருப்பான், அல்லது நாங்கள் செய்ததுபோலத் தூரம் ஓட்டிப் போவான், மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவான். அந்த ஊரில் தெருமுனையில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் பெற்றவர் யாரானாலும் திருவிருந்தில் சேரலாம், சபையில் சேர விரும்பினால் சேகரத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொடுத்து அனுப்புங்கள், போதும். வயதானவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், பாட்டு மெதுவாகப் போகும், இளைஞர் கூட்டம் எதுவும் இருக்காது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டி சூப் கொண்டுவந்து கொடுக்க ஒருவராவது இருப்பார். எங்கள் கோயிலில் பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும்போது ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடச் சொல்லி என்னை ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். தனியாகப் பாடுகிறேன். கூடப் பாட ஒரு குரல் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இங்கே கல்லூரிகள் ஆகஸ்ட் மாதம் தொடங்குகின்றன, பிள்ளைகள் ஜூலைக் கடைசியிலேயே விமானம் ஏறிவிடுவார்கள். அதற்கு முன் இந்தக் கடிதத்துக்கு இடம் கிடைத்தால் உதவியாக இருக்கும். என் தங்கைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓஹையோ, அமெரிக்கா